இரண்டு கழுத்துப் பலகை

செப்டம்பர் 9, சனி

வந்து சேர்ந்தாயிற்று. இந்த ஜெர்மன் ஊரின் பெயரை எழுதப் பார்த்தேன், பாதியிலேயே பேனா சுளுக்கிக்கொண்டது. இனி 'ஊர்' என்றே எழுதிவிடுகிறேன்.

எழுதுவது நம் கம்பெனி டைரியில்தான். ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் நம் மோட்டார் பம்பின் படம். பம்பைச் சுற்றி ஒரு நீலத் தண்ணீர்த் துளி. இருபத்தெட்டு வருடமாக இந்தத் துளிக்குக் கீழேதான் பால் கணக்கும் மனக்கணக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வந்த காரணம்: நம் ஃபவுண்டரிக்கு வார்ப்பு மெஷின் வாங்குகிறார்கள். விற்கிறவர்கள், ஒரு வாரம் தங்கி மெஷின் ஓடுவதைப் பாருங்கள், வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள் என்று கூப்பிட்டார்களாம். ஆகவே இவர், இவருடைய அண்ணன் கந்தவேல் மாமா, நான், அப்புறம் மாமாவின் மனைவி மரகதம். விமானத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் என் கைப்பையை வைத்தேன். அவள் தன் சால்வையை வைத்தாள். பையும் சால்வையும் பத்து மணி நேரம் ஒட்டி உட்கார்ந்து வந்தன, எங்களைவிட அவை பரவாயில்லை.

ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு எங்களுக்கு. ஆறு வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை. காரணத்தை எழுதினால் வயிறு எரியும். இருந்தாலும் எழுதுகிறேன். என் மகள் தாரணிக்கு சூலூரில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. பத்துப் பேர் முன்னால் வாக்குக் கொடுத்து, தட்டு மாற்ற நாள் பார்த்த நேரத்தில், இந்த மரகதம் சூலூருக்குப் போய், பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் விலகிவிட்டார்கள். தாரணி ஐதராபாத்தில் வேலை தேடிக்கொண்டு போனவள்தான், பொங்கலுக்குக்கூட வருவதில்லை. தூக்கி வளர்த்த பெரியம்மாவே இப்படிச் செய்தால் அந்தக் குழந்தைக்கு வீட்டுக்கு வர எப்படி மனம் வரும்?

இவர்தான் அன்றைக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். சண்டை போடாதே, பேசாமல் ஒதுங்கிக்கொள், குடும்ப மானம் என்றார். நானும் அப்படியே செய்தேன். இவரிடம் ஆயிரம் குறை இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், எதைச் செய்தாலும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் ஒரு தட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். ரோஸ் நிறத்தில் ஈரமாக, வேகாத மாமிசத் துண்டுகள். பக்கத்தில் வேர்த்துப்போன சீஸ். இவர் எடுத்துச் சாப்பிட்டார், சாப்பிட்ட விரலைச் சூப்பினார், அதே விரலால் மொபைலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எனக்கு எதிலிருந்து கண்ணை எடுப்பது என்று தெரியவில்லை.

இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரே சமையலறை. இதைவிடப் பெரிய ஒரு தண்டனையை என் விரோதிகூட யோசித்திருக்க மாட்டான். அவள் அடுப்பருகே இருந்தால் நான் ஜன்னலருகே. நான் அடுப்புக்குப் போனால் அவள் வாசலுக்கு. உப்பு டப்பாவை அவள் எடுத்த இடத்தில் வைக்காமல் எனக்கு எட்டும் இடத்தில் வைக்கிறாள், அந்த நடிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. ஆபரேஷன் செய்த அவள் முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. படியில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறாள். எனக்கென்ன.

மத்தியானம் ரசம் வைத்தாள். மிளகும் பெருங்காயமும் வீடு முழுக்க. எனக்கு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். இவர் ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். கொட்டினால் பாவம் என்று குடித்தேன்.

சாயங்காலம் தாரணிக்குப் போன் செய்தேன். நல்லாருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வேலை இருக்கு, வைக்கட்டுமா. இரண்டு நிமிடம். ஐதராபாத்தில் அவள் இருக்கும் பக்கம் சிக்னல் சரியில்லை, எப்போதும் இப்படித்தான். பின்பக்கப் படிக்கட்டில் மரகதம் அரை மணி நேரம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். குசுகுசுவென்று பேச்சு, நடுநடுவே சிரிப்பு. பிள்ளையா குட்டியா, யாரிடம் இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு? இவளுக்கு மட்டும் எங்கிருந்துதான் சிக்னல் கிடைக்கிறதோ.

செப்டம்பர் 11, திங்கள்

நாள் முழுக்க மழை. ஆண்கள் இருவரும் ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள். இவருடைய சாக்ஸைத் துவைத்தேன். அந்த நாற்றத்துக்கு பினாயிலே மயங்கி விழும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று ஃபேக்டரிக்கு அரை நாள் லீவு. கம்பெனிக்காரர்கள் பழைய ஊரை நடந்தே சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்த பெண் தமிழ் பேசினாள். ஷாமினி என்று பெயர். அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவள் பிறந்தது இங்கேதான். முப்பது வயது இருக்கும். கையில் சிவப்புக் குடை. எங்கள் பின்னாலேயே ஏழெட்டு வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். ஷாமினி அவர்களுக்கு ஒரு முறை, எங்களுக்கு ஒரு முறை என்று இரண்டு பாஷையிலும் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கோட்டை வாசலில் ஆரம்பம். தரை முழுக்க உருண்டைக் கல். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இதைத்தான் பாதுகாத்து வைத்திருக்கிறோம் என்று பெருமை வேறு. மரச்சட்டம் போட்ட வீடுகள் குடிகாரர்கள் போல ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு இருட்டுச் சந்து. அந்தக் காலத்தில் மேல்மாடிக் கழிவெல்லாம் அதில்தான் விழுமாம், மழை வந்து அடித்துக்கொண்டு போகும்வரை அங்கேயே கிடக்குமாம். இவர் அந்தச் சந்தில் தலையை விட்டு எட்டிப் பார்த்து மூச்சை இழுத்தார். இன்னும் வருதுங்க என்றார். மாமா சிரித்தார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

அடுத்தது தோல் பதனிடுகிறவர்களின் தெரு. நாய்ப் பீயைக் கூடையில் வாங்கித் தோலில் தேய்ப்பார்களாம். இன்று அந்த வீடுகளின் ஜன்னலில் எல்லாம் பூத்தொட்டி, கீழே ஐஸ்கிரீம் கடை. ஒரு வாசலுக்கு மேலே நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு கல் மூஞ்சி. பொறாமைக் கண் படாமல் இருக்க வைத்தது என்றாள் ஷாமினி. நம்மூர் திருஷ்டி பொம்மையேதான். இவர் உடனே என் காதருகில் குனிந்து, மரகதம் பக்கம் கண்ணைக் காட்டி, "இவியளயே நம்ம வாசலுக்கு மேல வெச்சுட்டா திருஷ்டிக்கு ஆவும்" என்றார். ஆறு வருடமாக இந்த மாதிரிச் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். இன்றும் சிரித்தேன்.

சந்தைத் திடலைத் தாண்டி ஒரு சின்ன மியூசியம், பின்னால் முற்றம். தண்டனைச் சாமான்களை அங்கே வைத்திருக்கிறார்கள். உண்மையானவை கண்ணாடிக்குள். முற்றத்தில் இருப்பவை அதே அளவில் செய்த நகல்கள், வருகிறவர்கள் கழுத்தை விட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒன்று பெரிய வயலின் மாதிரிப் பலகை. கழுத்துக்கு ஒரு ஓட்டை, மணிக்கட்டுக்கு இரண்டு. வாயாடிப் பெண்களைப் பூட்டி ஊர்வலம் விடுவார்களாம். அதன் பக்கத்தில் நீளமாக இன்னொன்று, இரண்டு முனையிலும் கழுத்து ஓட்டை, நடுவில் நான்கு மணிக்கட்டு ஓட்டை.

"சந்தையில சண்டை பிடிக்கிற ரெண்டு பெண்டுகளை மூஞ்சிக்கு மூஞ்சி பூட்டி விடுவினம்" என்றாள் ஷாமினி. "சமாதானம் ஆகுமட்டும் திறக்க மாட்டினம். சனம் சுத்தி நிண்டு அழுகின முட்டைக்கோசு எறியும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. இவர் கையைத் தட்டினார். "அண்ணா, இது நம்மூட்டுக்குன்னே செஞ்சதுங்க." மாமாவின் தொந்தி குலுங்கியது. ஷாமினி முகம் சுருங்கி, பிடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? வெள்ளைக்காரர்களுக்கு விஷயம் புரிந்து அவர்களும் கை தட்டினார்கள். மாட்டேன் என்றால் இன்னும் பெரிய கேலியாகும். இவர் என் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார். எதிர்முனையில் மாமா அவளை. கழுத்தும் மணிக்கட்டும் உள்ளே போனதும் மேல்பலகை விழுந்தது. பக்கத்தில் ஒரு மர ஆப்பை இவர் ஓங்கி அடித்துச் சொருகினார்.

முகத்துக்கு நேராக அவள் முகம். ஒரு சாண்கூட இல்லை. தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மூடினால் தைலமும் பவுடரும் கலந்த அவள் வாசனை. போட்டோ எடுத்தார்கள். இந்தப் பக்கம் இருந்து ஒன்று, அந்தப் பக்கம் இருந்து ஒன்று, நடுவில் இவர் நின்று இரண்டு விரலைக் காட்டி ஒன்று.

எடுத்து முடித்து ஆப்பை இழுத்தால் வரவில்லை. நேற்று பெய்த மழையில் மரம் ஊறிப் பிடித்துக்கொண்டது. ஷாமினி பதறிப்போய் மியூசியத்துக்காரரைத் தேடி ஓடினாள். வெள்ளைக்காரர்கள் சங்கடத்தோடு நகர்ந்தார்கள். இவரும் மாமாவும் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஆள் வரட்டும், அதுவரைக்கும் சமாதானம் பேசுங்கள் என்று சொல்லிச் சிரித்தபடி திடலில் இருந்த பீர்க் கடைக்குப் போய்விட்டார்கள். மனைவி கழுத்து ஆப்பில் மாட்டியிருக்கிறது, மனிதர் பீர் குடிக்கப் போகிறார்.

முற்றத்தில் நாங்கள் இருவர்தான். நான் அவள் நெற்றிப் பொட்டையே பார்த்தேன். அவள் என் காதுத் தோட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூக்கைச் சுழித்தாள். மறுபடி சுழித்தாள். இடது பக்கம், வலது பக்கம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. மூக்கு அரிக்கிறது, சொறிய வழியில்லை. அவள் கை அவள் மூக்குக்கு எட்டாது. என் விரல் எட்டும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், படட்டும் என்று. அப்புறம் என் ஆள்காட்டி விரல், நான் சொல்லாமலே, நீண்டு அவள் மூக்கைச் சொறிந்தது.

"இன்னுஞ் சித்த மேல" என்றாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. சிரித்தால் கழுத்து பலகையில் இடிக்கிறது. அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ரேணு, நான் மலடிங்கறதுனால உன்ற புள்ளயக் கண்டு எனக்கு வயித்தெரிச்சல்னு நீ சொன்னியா?"

அந்த வார்த்தையை நான் என் வாழ்நாளில் உச்சரித்ததில்லை. அதையே அவளிடமும் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டேன். அவள் புருஷன் சொன்னாராம். என் தம்பி பெண்டாட்டி உன்னை இப்படிச் சொல்கிறாள், நீ அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்று.

நான் என் பங்கைச் சொன்னேன். "நீங்க சூலூருக்குப் போயி பாப்பாவுக்கு வலிப்புன்னு சொல்லிப்போட்டு வந்தீங்கல்ல?"

"சூலூருக்கா? அந்த வாரம் நான் முட்டி ஆபரேசன் பண்ணிக் கட்டோட கெடந்தனே. நீதான அம்மிணி தூக்குல ரசம் கொண்டாந்தே?"

ஆமாம். நான்தான் கொண்டுபோனேன். மிளகு ரசம். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, ஸ்பூனால் ஊட்டிவிட்டதும் நான்தான். நடக்க முடியாதவள் சூலூர் போனாள் என்று இவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று?

அக்கா மீதியையும் சொன்னாள். சூலூர்க்காரர்கள் அந்த வருடம்தான் நம் மாதிரியே பம்பு போட ஆரம்பித்தார்களாம். போட்டிக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று அண்ணன் தம்பி இருவருக்கும் கசந்துவிட்டது. ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று, தாமாகப் பின்வாங்கினால் இவர்கள் பெயர் கெடும். அவர்களே வேண்டாம் என்று போகும்படி ஒரு கதை வேண்டும். மாமா ஒரு நாள் போனில், "நெனச்சாப்பல அவியளே வேண்டான்னுட்டாங்க" என்று சொன்னதை அக்கா தன் காதால் கேட்டிருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சும் ஏனுங்கக்கா எங்கிட்டச் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீயுஞ் சேந்துதான்னு." அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பாப்பாகிட்டயும் கேளு. அத நாஞ் சொல்லப்படாது. நீயே கேளு."

மியூசியத்துக்காரர் மரச் சுத்தியலோடு வந்தார். ஷாமினி ஓயாமல் மன்னிப்புக் கேட்டாள். ஆப்பு கழன்றது. அண்ணன் தம்பி இருவரும் உதட்டில் நுரையோடு வந்து, சமாதானம் ஆச்சா என்று கேட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர்களுக்கு அதில் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியைப் பார்த்தபோது, காலையில் பார்த்த கழிவுச் சந்தே பரவாயில்லை என்று தோன்றியது. அதை மழையாவது கழுவும்.

செப்டம்பர் 13, புதன்

போட்டோ குடும்ப குரூப்பில் ஏறிவிட்டது. 'ஓரகத்திகள் சமாதான மாநாடு' என்று இவரே எழுதிப் போட்டிருக்கிறார். பொள்ளாச்சி முதல் ஈரோடு வரை ஒரே சிரிப்பு. இவர் ஒவ்வொரு பதிலையும் எனக்குப் படித்துக் காட்டினார், வாயில் முட்டை மஞ்சளோடு.

தாரணி குரூப்பில் எதுவும் எழுதவில்லை. எனக்குத் தனியாக ஒரு வரி: 'பெரியம்மா கழுத்துக்கு ஒத்தடம் குடும்மா.' பெரியம்மாவுக்கு. என் கழுத்தும்தான் அந்தப் பலகையில் இருந்தது. வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஃபேக்டரிக்குப் போனதும் அக்காவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அப்புறம் அக்கா எனக்குக் கொடுத்தாள். ஆறு வருடத்துப் பேச்சு, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நார்த்தங்காய் ஊறுகாயிலிருந்து ஆரம்பித்தோம். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நான் ஜன்னலுக்கு, அவள் வாசலுக்கு.

நான் இவரைக் கேட்டுவிடத்தான் துடிக்கிறேன். அக்கா வேண்டாம் என்கிறாள். தனித்தனியாகக் கேட்டால் இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரைக் கை காட்டுவார், நழுவிவிடுவார்கள். இருவரையும் ஒரே நேரத்தில், எழுந்து போக முடியாமல் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்கிறாள். அதற்கு எங்கே போவது என்றேன். அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 14, வியாழன்

பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் குறட்டை விடுகிறார். பெற்ற பெண்ணுக்கு வலிப்பு என்று ஊர் சொல்ல விட்டவருக்கு எப்படித் தூக்கம் வருகிறது? வருகிறது. நன்றாகவே வருகிறது. பக்கவாட்டில் நகர்ந்து கட்டிலின் விளிம்பில் படுத்தேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் விருந்து கொடுத்தார்கள். நாளைக்கு விமானம். மத்தியானம் இருவரும் குஷியாக இருந்தார்கள்.

குரூப்பில் எல்லோரும் அண்ணன் தம்பி போட்டோ கேட்கிறார்கள் என்று அக்கா ஆரம்பித்தாள். பெண்டுகள் மட்டும்தானா, ஆம்பளைகளுக்குத் தைரியம் இல்லையா என்று கேட்கிறார்களாம். மாமாவுக்கு மீசை துடித்தது. அவர் வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கலாமா என்றுகூட யோசித்தார். நான்கு பேரும் மறுபடி அந்த முற்றத்துக்கு நடந்தோம். உருண்டைக் கல்லில் அக்கா தடுமாறினாள், நான் எல்லோருக்கும் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் திரும்பிப் பார்த்து, "அட, பலகை வேலை செஞ்சிருச்சு" என்றார்.

ஷாமினி வேறு ஒரு கூட்டத்தோடு முற்றத்தில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. நான் போய் அவள் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடையைத் தூக்கிப் பிடித்து, தன் கூட்டத்தை மியூசியத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

இவர் ஒரு முனையில், மாமா ஒரு முனையில். தாமாகவே குனிந்தார்கள். ஆப்பை நான் சொருகினேன். போட்டோ எடுத்தேன். இருவரும் பல்லைக் காட்டினார்கள்.

"சூலூருக்குப் போனது யாருங்க?" என்றேன்.

இவர் பல் காட்டியபடியே என்ன என்றார். நான் மறுபடி கேட்டேன். "பாப்பாவுக்கு வலிப்புன்னு சூலூர்ல போயிச் சொன்னது யாரு?"

அதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு, முதலில் இதைத் திற என்றார். திரும்பி என்னைப் பார்க்க முயன்றார். கழுத்து திரும்பவில்லை. எந்தப் பக்கம் கண்ணை ஓட்டினாலும் எதிரில் அண்ணன் முகம். மாமா தம்பியைப் பார்த்தார். தம்பி வேறெங்கும் பார்க்க இடமில்லாமல் அண்ணனைப் பார்த்தார். அக்கா மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள். மாமாவின் நெற்றியில் வேர்வை கோத்துக்கொண்டு வந்தது.

"நாந்தாம்மா போனேன்" என்றார் மாமா. "இவன் போகச் சொன்னான். பெத்த புள்ளயப் பத்தித் தன் வாயால சொல்லக் கூச்சமா இருக்குது, நீங்க போயிட்டு வாங்கண்ணான்னான்."

கூச்சமாக இருந்ததாம்.

அதற்கு மேல் இவர் மறைக்கவில்லை. உனக்கு வியாபாரம் புரியாது என்று ஆரம்பித்தார். "நாம வேண்டாம்னு சொன்னா வாக்குத் தப்புனவியன்னு பேராயிரும். அவியளா போனா நமக்கு ஒரு கொறையுமில்ல பாரு. பாப்பாவுக்கு வேற எடம் பாத்துக்கலாம்னு இருந்தேன், அவ ஊட்ட உட்டுப் போனா நானென்ன பண்றது?" அக்கா பெயரை ஏன் இழுத்தீர்கள் என்று கேட்டேன். யார் மேலாவது போட வேண்டியிருந்தது என்றார். நீங்கள் இருவரும் சேர்ந்திருந்தால் ஒன்றுக்கொன்று பேசிக் கண்டுபிடித்திருப்பீர்கள் என்றும் அவரே சொன்னார். அவருக்கு அது ஒரு நல்ல யோசனையாகத்தான் இன்னும் தெரிகிறது.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அருவருப்புதான் வந்தது. இலையில் புழு நெளிவதைப் பார்த்தால் அழவா செய்வோம்? இலையை மூடிவிட்டு எழுந்துகொள்வோம்.

"சரி, கேட்டாச்சல்ல" என்றார் இவர். "மூக்கு அரிக்குது ரேணு. சித்த சொறிஞ்சு உடு."

என் விரலைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, அக்காவோடு முற்றத்தின் கோடியில் இருந்த பெஞ்சுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் இவருடைய முதுகு மட்டும்தான் தெரியும்.

தாரணிக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "வேலையா இருக்கேன்மா" என்றாள். ஒரு நிமிடம் என்றேன். சூலூரில் சொன்னது பெரியம்மா இல்லை, எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது, உன் அப்பாதான் பெரியப்பாவை அனுப்பியிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, பாப்பா, கேக்குதா என்றேன்.

"கேக்குதும்மா. எனக்கு அப்பவே தெரியும். அந்தப் பையனே கூப்பிட்டுச் சொன்னான்."

"அப்புறம் ஏண்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீயும் சேந்துதான்னு நெனச்சேன். அப்பா எது செஞ்சாலும் என்னைக் கேக்காம செய்ய மாட்டாருன்னு நீதானம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவே."

அக்கா என் முதுகில் கை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்படிக்கட்டில் யாரோடு அந்தச் சிரிப்பு என்று இப்போது நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"உனக்கு நெஜமாவே தெரியாதாம்மா?" என்றாள் தாரணி.

தெரியாது சாமி, என்றேன்.

அவள் அழும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுவது, மூச்சு இழுப்பது, மேஜை மேல் எதையோ தள்ளி வைப்பது எல்லாம் பக்கத்து அறையில் இருப்பவள் போலக் கேட்டது. ஐதராபாத்தில் சிக்னல் சரியில்லை என்று ஆறு வருடமாக இந்தத் தண்ணீர்த் துளிக்குக் கீழே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

முற்றத்தில் இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தாரணி, வேலை இருக்கிறது, வைக்கட்டுமா என்று இன்று கேட்கவே இல்லை. நானும் வைக்கவில்லை.